சந்தனம் வைத்த மீட்டர்

பொன்னியம்மாள் வித்யாலயாவின் ஏழாம் வகுப்பு 'ஏ' பிரிவில் காற்று சுத்தமானது ஆயுத பூஜைக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் அது படுமோசமாக இருந்தது என்பதற்குச் சுவரில் மாட்டிய ஒரு மீட்டர் சாட்சி. பூஜைக்குப் பின் அது கொடைக்கானல் காற்றாக மாறிவிட்டது என்பதற்கும் அதே மீட்டர்தான் சாட்சி.

மீட்டரை வாங்கியவர் தாளாளர் சம்பந்தம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே, அப்பா கத்திரிக்காய் போட்டிருந்த நிலத்தில் அம்மா பெயரில் மூன்று மாடிப் பள்ளி கட்டியவர். பக்கத்துப் பள்ளிக்காரர்கள் நீச்சல் குளம் கட்டிவிட்டார்கள். இவரிடம் குளத்துக்கு இடமில்லை. ஆகவே காற்றில் இறங்கினார். 'உங்கள் குழந்தை என்ன சுவாசிக்கிறது? எங்களுக்குத் தெரியும்!' என்று வாசலில் பேனர் ஏறியது.

மீட்டர் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. அறையில் கரியமில வாயு எவ்வளவு என்று நடுவில் ஓர் எண் ஓடும். எண்ணுக்குக் கீழே ஒரு முகம். ஆயிரத்துக்குள் இருந்தால் பச்சையில் சிரிக்கும். தாண்டினால் மஞ்சளில் உம்மென்று இருக்கும். இரண்டாயிரத்தையும் தாண்டினால் சிவந்து அழும். எண்ணுக்கு மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், காற்றை உள்ளே இழுக்க மூன்று பொடித் துளைகள். அதே எண்ணும் அதே முகமும் கீழே வரவேற்பறை டிவியிலும் பெரிதாகத் தெரியும். அட்மிஷனுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே.

பார்த்தார்கள். முதல் நாளே முகம் அழுதது.

ஏழு 'ஏ' என்பது ஏ.சி. வகுப்பு. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று ஜன்னல்களைத் திருகாணி போட்டு முடுக்கி, கண்ணாடியில் விஞ்ஞானிகளின் படங்களை ஒட்டியிருந்தார்கள். காலையில் எண்ணூறில் கிளம்பும் எண், சாப்பாடு முடிந்து ஆறாவது பீரியடில் மூவாயிரத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஓயும்.

“இன்னா சார் இது? துட்டு குடுத்து வாங்கி மாட்டுனா, நம்மளையே பாத்து அழுவுது?” என்றார் சம்பந்தம்.

கேட்டுக்கொண்டு நின்றவர் சாம்பசிவன். இருபத்து மூன்று வருடமாக அறிவியல் ஆசிரியர். மீட்டர் வந்ததிலிருந்து 'காற்றுத் தர ஒருங்கிணைப்பாளர்' வேறு. அதற்கென்று தனி அடையாள அட்டை. இரண்டு அட்டைகளையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

“ஜன்னலத் தொறந்தா சரியாயிடும் சார். பசங்க விடுற மூச்சு உள்ளயேதான் சுத்துது.”

“ஏ.சி. கிளாஸுன்னு சொல்லிட்டு ஜன்னலத் தொறந்து வெச்சா பேரண்ட்ஸ் இன்னா கேப்பாங்க? வேற வழி பாருங்க. நீங்கதான கோஆர்டினேட்டரு?”

சாம்பசிவன் வேறு வழி பார்த்தார். ஆறு பழைய தண்ணீர் கேன்களைப் பாதியாக அறுத்து, மணி பிளான்ட் நட்டு, வகுப்பின் நான்கு மூலைகளிலும் மேசைக்கு இரு பக்கமும் வைத்தார். எண் அசையவில்லை. செடிக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று தாளாளரிடம் சொன்னார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. விடுமுறை விடுவதற்கு முந்தின மாலை, பிள்ளைகள் போய், கதவுகளைத் திறந்துபோட்டு வகுப்புகளைக் கழுவிக் காயவிட்ட பிறகு, மணி, பஸ், ஜெராக்ஸ் மெஷின், தாளாளரின் கார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கருவிகளை வேறு யாரும் தொடக் கூடாது என்பதால் சந்தனக் கிண்ணத்தைச் சாம்பசிவனே ஏந்தினார். 'செருப்பும் மூடநம்பிக்கையும் உள்ளே வரக் கூடாது' என்று ஆய்வகக் கதவில் எழுதி ஒட்டியவர் அவர். ஆனாலும் தாளாளர் பின்னால் நின்று பார்க்கும்போது மைக்ராஸ்கோப்புக்கு வைத்துவிட்டு மீட்டரை எப்படி விடுவது? அதற்கோ நெற்றி மாதிரியே ஓர் இடம். கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் எண் 418. ஆறாவது பீரியடில் 421. முகம் காலையிலிருந்து மாலை வரை சிரித்துக்கொண்டே இருந்தது.

செடிக்கு அவகாசம் கிடைத்துவிட்டது என்று சாம்பசிவன் நம்பினார். சத்தியமாக நம்பினார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினார். 'தாவரங்களும் நானும்' என்று பள்ளி மலரில் இரண்டு பக்கம் எழுதினார். 'தென் புறநகர்ப் பசுமை மன்றம்' என்றொரு சங்கம் 'தூய காற்றுப் பள்ளி' விருதுக்கு இந்தப் பள்ளியைப் பரிசீலிப்பதாகக் கடிதம் போட்டது. தாளாளர் அவர் தோளில் கை போட்டார். இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கை அங்கே விழுந்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் நன்றாக இருந்தது. ஜெனிஷா மட்டும் தூங்கினாள்.

கடைசி பெஞ்சு, சுவரோரம். ஆறாவது பீரியடில் அவள் தலை மெதுவாகச் சாயும். மற்ற நாற்பத்தேழு பேரும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பாடம் நடத்துகிற சாம்பசிவனுக்கே அந்த நேரத்தில் நான்கு கொட்டாவி வரும். அதற்குத் தயிர்சாதம் காரணம் என்று முடிவு செய்திருந்தார். ஜெனிஷாவுக்குத் திமிர் காரணம்.

“எழுந்திரு. இங்க வந்து மீட்டர் பக்கத்துல நில்லு. என்ன காட்டுது?”

“நானூத்தி இருபது சார்.”

“காத்து எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார்.”

“அப்ப தப்பு யார் மேல?”

“என் மேல சார்.”

வகுப்பு சிரிக்கும். மறுநாளும் இதே கேள்வி, இதே பதில். பிறகு கேள்வி தேவைப்படவில்லை; ஆறாவது பீரியட் மணி அடித்ததும் அவளே எழுந்து வந்து மீட்டர் பக்கத்தில் நின்றுகொள்வாள். நின்றபடியே தூங்குவாள். பள்ளி டைரியின் 'ஆசிரியர் குறிப்பு' பக்கத்தில் 'வகுப்பில் உறங்கினாள்' என்று அவர் எழுதுவார். மறுநாள் அதன் கீழே, பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டில், 'ஜான்சி' என்று அவள் அம்மாவின் கையெழுத்து குண்டு குண்டாக வந்துவிடும்.

இப்படிப் பத்து குறிப்பு. பத்து ஆகிவிட்டால் தாளாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

“விருதுக்கு வர்றவங்க முன்னால ஒரு புள்ள தூங்கி வழிஞ்சா நல்லாவா இருக்கும்?” என்றார் சம்பந்தம். “அம்மாவ வரவழைச்சி லெட்டர் வாங்கிடுங்க. வருசக் கடைசில டி.சி. வாங்கிக்கட்டும்.”

கடிதத்தைச் சாம்பசிவன்தான் டைப் செய்தார். 'மாணவிக்கு நிரந்தரக் கவனக் குறைபாடு உள்ளது. பள்ளியின் சூழல் இதற்குக் காரணமல்ல என்பதை ஏற்கிறேன்.' வேறு எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்தத் தாள் அவளுக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

அதற்கு நான்கு நாள் கழித்து, விருதுக் குழு வரப்போகிறதே என்று, பள்ளி விட்டதும் ஈரத்துணியால் மீட்டரைத் துடைத்தார். காய்ந்த சந்தனம் பொரிந்து விழுந்தது. தூசி தட்டிய திருப்தியோடு இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். 424 என்று இருந்த எண் 900 ஆனது. பிறகு 1,700. 2,600. பிள்ளைகள் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர்கள் விட்ட மூச்சு அறைக்குள் அப்படியே நின்றது. 3,140இல் எண் நின்றது. முகம் அவரைப் பார்த்து அழுதது.

எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூட விளங்கிவிடும். மூக்கைப் பொத்திய கருவி, பூஜையன்று காலி அறையில் கடைசியாக இழுத்த மூச்சையே இத்தனை வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சாம்பசிவன் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. பள்ளி விட்டால் வரவேற்பறை டிவியையும் அணைத்துவிடுவார்கள். ஆய்வகத்துக்குப் போனார். பூஜையில் மீந்த சந்தனத் தூள் அலமாரியில் இருந்தது. குழாய்த் தண்ணீரில் குழைத்தால் உப்புப் பூத்துவிடும் என்று காய்ச்சி வடித்த நீரை எடுத்து, கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். அந்த வாரத்தில் அவர் செய்த ஒரே சுத்தமான பரிசோதனை அதுதான். ஜன்னலில் ஒட்டியிருந்த விஞ்ஞானிகள் பார்த்துக்கொண்டிருக்க, காகிதத்தால் விசிறி விசிறி எண்ணை முடிந்தவரை இறக்கி, கதவைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, 430 வந்ததும் பொட்டை வைத்தார்.

மறுநாள் ஜெனிஷா வழக்கம்போல வந்து நின்று தூங்கினாள். திடீரென்று குறிப்பு எழுதுவதை நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள் அல்லவா? பதினொன்றாவதையும் எழுதினார். எழுதும்போது பேனா மட்டும் கொஞ்சம் சரியாக எழுதவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு விருதுக் குழு. இரண்டரைக்கு ஜான்சி வந்தாள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், இரும்பு அலமாரிக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட்டில் வேலை. அரை நாள் பர்மிஷன் போட்டு, நகக்கண்ணில் சாம்பல் நிறப் பெயின்ட்டோடு வந்திருந்தாள். வரவேற்புக் கைதட்டலின் கடைசி ஒத்திகைக்காகப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போயிருந்தார்கள். வகுப்பில் ஜெனிஷா மட்டும் இருந்தாள்.

“வூட்ல நல்லா தூங்குறா சார். பஸ்ல தூங்கறதில்ல, சர்ச்சுல தூங்கறதில்ல. ரத்தம்கூட டெஸ்ட் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லன்றாங்க.”

“அப்ப கவனத்துலதாம்மா கோளாறு. இங்க காத்துல எந்தக் குறையும் கிடையாது. மீட்டரப் பாருங்க.”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய்ப் பழக்கம். ஜான்சி மீட்டரைப் பார்த்தாள். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. கிட்டே போய், தலையைச் சாய்த்து, பொட்டைப் பார்த்தாள்.

“சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? அந்தச் சந்தனத்துக்கு அடில ஓட்ட கீதா?”

சாம்பசிவன் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

“இல்ல சார், எங்க ஷெட்ல பொகை அளக்கற மிசின் ஒண்ணு கீது. அது மூக்குல பெயின்ட் அடைச்சிக்கினா முள்ளு ஜீரோல போய் குந்திக்கும். மேஸ்திரி ‘ஆகா, இன்னிக்கிப் பொகையே இல்ல’ன்னுவாரு. நாங்க உள்ள இருமிக்கினு இருப்போம்.” சிரித்தாள். “அதான் தெனம் காத்தால தொடச்சிட்டுத்தான் வேலைய ஆரம்பிப்போம். அந்த மாதிரி எதனா இருக்குமோன்னு...”

இரண்டு அட்டைகள் போட்ட கழுத்துக்கு மேலே ஒரு வாய் இருந்தது. அது தானாகத் திறந்தது.

“அது பூஜைல வெச்சதும்மா. சாமி சந்தனம். அத எடுக்கற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.”

ஜான்சியின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. மீட்டருக்கு அருகே இருந்த கையைச் சட்டென்று இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஐயோ சார், நான் அந்த அர்த்தத்துல சொல்லல. நாங்க வேற மதம்... நான் போய் இதப் பேசலாமா? தப்பா எடுத்துக்காதீங்க சார். புள்ள மேல வெச்சிடாதீங்க.”

“பரவால்லம்மா.”

“எங்க சார் போடணும்?”

அவர் இடத்தைக் காட்டினார். குண்டு குண்டாக, 'ஜான்சி' என்று போட்டாள். மகளின் தலையைத் தடவி, குனிந்து காதில் ஏதோ சொல்லிவிட்டு, மீட்டர் இருந்த பக்கம் திரும்பாமலே வெளியே போனாள். ஜெனிஷா அம்மாவையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மேசையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். சாம்பசிவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு தாளுக்கு அவ்வளவு கனம் இருக்கக் கூடாது.

“சார், கீழ வந்துகினு இருக்காங்க!” என்று பியூன் தாவீது படியேறி வந்து சொன்னான்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஆறாவது பீரியட் மணி அடித்தது. ஜெனிஷா எழுந்து போய் மீட்டர் பக்கத்தில் நின்றாள். அவளை உட்காரச் சொல்ல வேண்டும் என்பதே சாம்பசிவனுக்குத் தோன்றவில்லை.

பசுமை மன்றத் தலைவி சுபத்ரா, நான்கு உறுப்பினர்கள், ஒரு போட்டோகிராபர், பின்னால் பொன்னாடைத் தட்டோடு சம்பந்தம். கைதட்டல் ஒத்திகையைவிட நன்றாக வந்தது. சுபத்ரா அறையின் நடுவில் நின்று ஆழமாக மூச்சிழுத்தார்.

“என்ன ஒரு ஃப்ரெஷ்னஸ்! உள்ள வந்தவுடனே தெரியுது.”

உறுப்பினர்களும் இழுத்துப் பார்த்து, தெரிவதாகச் சொன்னார்கள். மணி பிளான்ட்டோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சுபத்ராவின் கண்ணில் ஜெனிஷா பட்டாள்.

“நீ மட்டும் ஏம்மா நிக்கிற?”

ஜெனிஷா கையைக் கட்டிக்கொண்டு, மனப்பாடப் பாட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள்: “நான் தூங்குவேன் மேடம். மீட்டர்ல நானூத்தி இருபத்தி ரெண்டு மேடம். காத்து நல்லா இருக்கு. அதனால தப்பு என் மேலதான் மேடம்.”

“பாத்தீங்களா மேடம்!” என்றார் சம்பந்தம் பெருமையோடு. “எங்க பசங்களே மீட்டர் படிக்கறாங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெனிஷாவும் தட்டினாள். எப்போது தட்ட வேண்டும் என்று ஒத்திகையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சாம்பசிவன் முதல் பெஞ்சுப் பையனின் பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்தார். மீட்டரிடம் போனார். பொட்டை நகத்தால் சுரண்டி, காம்பஸ் முனையால் மூன்று துளைகளையும் குத்தி, கைக்குட்டையால் துடைத்தார். அப்படிச் செய்யலாம் என்று அவர் முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. கை போயிற்று, பின்னால் அவர் போனார்.

எண் ஏறத் தொடங்கியது.

“ஐநூத்தி எம்பது!” என்றான் ஒருவன். “எழுநூறு!” என்றான் இன்னொருவன். ஆயிரத்தில் முகம் மஞ்சளானபோது வகுப்பே கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கத்தியது. இரண்டாயிரத்தில் சிவந்தது. 2,900. பத்து நிமிடமாக ரசித்து இழுத்த அதே காற்றுக்கு, உறுப்பினர்கள் இப்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்கள்.

“மீட்டரு ரிப்பேரு மேடம்,” என்றார் சம்பந்தம். “சார், ரிப்பேர்தான?” ஓடித் தப்பிக்கச் சொல்லி அவர் திறந்துவிட்ட கதவு அது. சாம்பசிவன் அதைப் பார்த்தார். அகலமான கதவுதான்.

“இல்ல சார். இப்பதான் ரிப்பேர் சரியாச்சு. மேல இருந்த சந்தனம் நான் வெச்சது. மொத தடவ தெரியாம வெச்சேன். ரெண்டாவது தடவ தெரிஞ்சே வெச்சேன்.”

சுபத்ரா தர்மசங்கடத்தோடு சிரித்தார். “பக்தி இருக்க வேண்டியதுதான் சார், ஆனா கொஞ்சம்...”

“பக்தி இல்ல மேடம்,” என்றார் சாம்பசிவன்.

பொன்னாடைத் தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. கீழே வரவேற்பறையில் அட்மிஷனுக்கு வந்திருந்த இரண்டு குடும்பங்கள் டிவியில் அழுத முகத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று தாவீது பிறகு சொன்னான். ஒருங்கிணைப்பாளர் அட்டையைத் தாளாளரே நேரில் வந்து கழற்றி வாங்கிக்கொண்டார். நடக்கும்போது சத்தம் நின்றது. விருது நீச்சல் குளத்துப் பள்ளிக்குப் போனது. ஜன்னல் திருகாணிகளை அடுத்த வாரம் கழற்றினார்கள். 'இயற்கைக் காற்றோட்ட வகுப்பறை — இப்பகுதியில் முதன்முறையாக!' என்று வாசலில் புதுப் பேனர் ஏறியது. சம்பந்தத்துக்கு எந்தக் காற்று அடித்தாலும் பேனர் ஆடும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மாலை மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிய பின்னும் ஜெனிஷா மீட்டர் பக்கத்திலேயே நின்றாள். உட்காரவோ போகவோ யாரும் சொல்லவில்லை.

சாம்பசிவன் கடிதத்தை எடுத்து, அவள் எதிரிலேயே நான்காகக் கிழித்தார். அவளிடம் சொல்வதற்கென்று படிக்கட்டில் ஏறி இறங்கி நல்ல தமிழில் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தார். அது வரவில்லை.

“நீ தூங்குனதுக்கு நீ காரணம் இல்லம்மா.”

“சரிங்க சார்.”

“இனிமே நிக்க வேணாம்.”

“சரிங்க சார்.” கொஞ்சம் யோசித்தாள். “சார், அம்மா போறப்ப காதுல சொல்லி அழுதாங்க சார். சாமி விசயத்துல வாய விட்டுட்டேன், உன்னைய எதுனா பண்ணிடுவாங்கன்னு. அவங்க கிட்ட இன்னான்னு சொல்லட்டும்?”

மூவாயிரத்தைப் பார்த்தபோதோ தாளாளர் முன்னாலோ வராத வியர்வை இப்போது வந்தது. அவ்வளவு பேர் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். சந்தனத்தைச் சொன்னார். சந்தனத்தைச் சாமி தலையில் போட்டதைச் சொல்லவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் அப்போது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள்.

“டைரி குடு.”

ஆசிரியர் குறிப்புப் பக்கம். பதினொரு வரிகள், எல்லாம் அவர் எழுத்து. ஒவ்வொன்றின் கீழும் குண்டு குண்டாக ஒரு பெயர். பன்னிரண்டாவது கோட்டில் எழுதினார்: 'அது சாமி வைத்த சந்தனம் இல்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. எனக்கு அது முன்பே தெரியும். தெரிந்தே உங்களிடம் பொய் சொன்னேன். — சாம்பசிவன்.' கடைசி வார்த்தைக்கு இடம் போதவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினார்.

மறுநாள் காலை ஜெனிஷா டைரியை மேசையில் வைத்துவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போனாள். வருகைப் பதிவு எடுத்து முடிக்கும்வரை அவர் அதைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார்.

பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் 'ஜான்சி' என்று இருந்தது. ஒரு திட்டு இல்லை, ஒரு கேள்வி இல்லை. வேறு எழுத்தே இல்லை. மேலே இருந்த பதினொரு கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அழுத்தம் கூடவில்லை, குறையவில்லை. மகள் தூங்கினாள் என்று அவர் எழுதியபோது எப்படிப் போட்டாளோ, அப்படியே இதற்கும் போட்டிருந்தாள். வாத்தியார் எழுதி அனுப்பினால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

டைரியை மூடித் திருப்பிக் கொடுக்க எழுந்தார். கடைசி பெஞ்சுவரை நடந்து போவதற்கு வெகு நேரம் ஆயிற்று.